பழைய எண், புதிய பிளாக்

“ஒரு பிளாக் வேலை வந்திருக்கு” என்று அண்ணன் சொன்னதும் நான் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தேன். எழுபதுகளின் கடைசியில் திருச்சியில் பிளாக் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். சிமெண்ட் பிளாக்கில் கிடைக்கும், மண்ணெண்ணெய் பிளாக்கில் கிடைக்கும், சினிமா டிக்கெட்டும் பிளாக்கில் கிடைக்கும். அண்ணன் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கார் எஞ்சினுடைய பிளாக்காம். சிலிண்டர்கள் உட்கார்ந்திருக்கும் பெரிய இரும்பு உடம்பு. கறுப்பு வேலை ஒன்றும் இல்லையாம். சாத்திய கதவை நான் திறக்கவில்லை.

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. அதை வளர்த்துவிட்டது நான் வேலை பார்த்த இன்சூரன்ஸ் ஆபீஸ். பதினான்கு வருஷம் கிளெய்ம் பிரிவில் உட்கார்ந்தவளுக்கு எரிந்த வைக்கோல் லாரியும் எரியாத வைக்கோல் லாரியும் ஒன்றுபோலத்தான் தெரியும். மூன்று மாப்பிள்ளைகளை நானே தட்டிக் கழித்தேன். அதில் ஒருவர் ஞானஸ்நான சர்டிபிகேட்டில் இருந்த வயதும் பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் இருந்த வயதும் ஒத்துப்போகாதவர். தங்கை இருக்கும்போது நான் எப்படி என்று அண்ணனும் கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டே போனார். அப்பா அம்மா போன பிறகு பாலக்கரை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அண்ணன் எனக்கு நேர் எதிர். அவருக்கு வெளுத்ததெல்லாம் பால். தஞ்சாவூர் ரோட்டில் அரியமங்கலம் தாண்டி ஒரு சின்ன பவுண்டரி வைத்திருந்தார். இரும்பை உருக்கி, மண் அச்சில் ஊற்றி, பம்பு உடம்பும் சாக்கடை மூடியும் எடைக்கல்லும் வார்ப்பார். சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் முடிந்ததும் நான் அங்கே போய்க் கடிதங்களை டைப் அடிப்பேன். எதில் கையெழுத்துப் போடலாம், எதில் போடக் கூடாது என்று அண்ணனுக்குச் சொல்வதும் என் வேலை. அவர் பாட்டுக்கு விட்டால் எதில் வேண்டுமானாலும் போடுவார்.

பிளாக் கேட்டு வந்தவர் ஸ்ரீரங்கத்துக்காரர். ஐம்பது வயசு இருக்கும். ஒல்லியான உடம்பு, நெற்றியில் பளிச்சென்று நாமம், மடிப்புக் கலையாத வேட்டி. சித்திரை வீதியில் வீடு. அவரிடம் வெள்ளைக்காரன் காலத்து மோட்டார் கார் ஒன்று இருந்தது. அதன் எஞ்சின் பிளாக் சூட்டில் விரிசல் விட்டுவிட்டது. அதைச் செய்த சீமைக் கம்பெனியே மூடியாயிற்று. வெல்டிங் வைத்தால் நிற்கவில்லை. புதிதாக வார்த்துத் தர முடியுமா என்று ஊர் ஊராகக் கேட்டு, எல்லோரும் கையை விரித்த பிறகு, யாரோ சொல்லி அண்ணனிடம் வந்திருந்தார். பிடி கழன்ற டிரங்குப் பெட்டியைத் தூக்குவது மாதிரி இரண்டு பேர் அந்தப் பழைய பிளாக்கை வண்டியிலிருந்து இறக்கி வைத்தார்கள்.

அவர் ஒரு காகிதத்தையும் எடுத்து நீட்டினார். மெட்ராஸ், பெங்களூர், கல்கத்தா என்று அதே மாதிரி கார் வைத்திருக்கும் பதினொரு பேருடைய விலாசங்கள். இது நன்றாக வந்தால் அவர்களும் ஆளுக்கு ஒன்று கேட்பார்கள், பழைய கார் பைத்தியங்கள் தேசம் பூரா இருக்கிறார்கள், இந்த ஊரிலிருந்து புது பிளாக் போனால் உங்கள் பெயர் எங்கேயோ போய்விடும் என்றார். அண்ணனுடைய கண்ணில் அன்று தெரிந்த வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சாக்கடை மூடி வார்ப்பவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. செய்வதா வேண்டாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் அன்று தொடங்கியது.

நான் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். தொழில் செய்கிறவன் தன் வேலையைப் பற்றிப் பேசுவான், இவர் நம் பெயரைப் பற்றிப் பேசுகிறார், அதுதான் காரணம் என்றேன்.

அண்ணன் கேட்கவில்லை. மரத்தில் பேட்டர்ன் செய்வதற்கு ஆசாரியைக் கூப்பிட்டுவிட்டார். ஆசாரி எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் நிற்பார். மண்ணில் அச்சு எடுப்பதற்கு முதலில் மரத்தில் அந்தச் சாமானின் உருவம் வேண்டும். அதைச் செய்வதில் அவர் கெட்டிக்காரர். ஒரு சனிக்கிழமை அவர் அளவெடுத்துக்கொண்டிருக்கும்போது அவருடைய ஸ்கேலை என் டைப் மேஜை ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவருடைய ஒரு அங்குலம் என்னுடைய ஒரு அங்குலத்தைவிட ஒரு முடி அளவு நீளம். பொய்க்கோல் வைத்திருக்கிறார் என்று அண்ணனிடம் போய்ச் சொன்னேன். பட்டறையே சிரித்தது. உருக்கிய இரும்பு ஆறும்போது சுருங்குமாம். அதற்காகப் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டுமாம். அதற்கென்றே அப்படி ஒரு கோல் உண்டாம். ஆசாரியும் சிரித்தார், ஆனால் என்னைப் பார்க்காமல் சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டேனே தவிர சந்தேகத்தை விடவில்லை.

முதல் பிளாக்கில் உள்ளே தண்ணீர் ஓடுகிற அறையின் சுவர் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் காகிதமாக இருந்தது. உடைத்துத் திரும்ப உலையில் போட்டார்கள். இரண்டாவதில் நண்டு வளை மாதிரி பொத்தல்கள். அதுவும் உலைக்குப் போனது. மூன்றாவது நன்றாக வந்தது. மண்ணைத் தட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றி நிறுத்தினார்கள், ஒரு சொட்டு கசியவில்லை. அண்ணன் அதைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் அரைக் கிலோ அல்வா வாங்கினார். பதினொன்றையும் செய்துவிடலாம், இனிமேல் சாக்கடை மூடியை மற்றவர்கள் வார்க்கட்டும் என்று சொன்னார்.

அதற்குப் பிறகுதான் எண் விவகாரம் வந்தது. எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு சின்ன மேடை மாதிரி இருக்கும். அதில் எஞ்சின் எண்ணைக் குத்தியிருப்பார்கள். ஆர்.சி. புத்தகத்திலும் அதே எண் இருக்கும். புது பிளாக்கில் அந்த மேடை வெறுமையாக இருந்தது. பழைய எண்ணையே அதில் அடித்துத் தர வேண்டும் என்றார் ஸ்ரீரங்கத்துக்காரர்.

நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு ஏன் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோயில் வேலை நடக்கும்போது பாலாலயம் செய்வதைப் பற்றிச் சொன்னார். கர்ப்பக்கிருகத்தைப் புதுப்பிக்கும்போது பெருமாளின் சக்தியை வேறொன்றில் ஏற்றி வைத்து, வேலை முடிந்ததும் திரும்பச் சேர்ப்பார்களாம்.

“கல்லும் சுதையும் மாறலாம், பெருமாள் மாறமாட்டார் பாருங்கோ. வண்டிக்கு அந்த எண்தான் மூர்த்தி. அது மாறினா அது வேற வண்டியாயிடும்” என்றார்.

எண்ணுக்காகச் சாமியை இழுக்கிறாரே என்று எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. கிளெய்மில் சாமி பெயர் வந்தால் ஃபைலை இரண்டு தரம் படி என்பார் எங்கள் பழைய மானேஜர். நான் ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். பழைய பிளாக்கை என் கண் முன்னால் சம்மட்டியால் உடைத்து உலையில் போட வேண்டும், அதற்குப் பிறகு புதியதில் எண்ணை அடிக்கலாம். ஒரு எண் இரண்டு இரும்பில் இருக்கக் கூடாது.

அவர் தயங்கினார். புதியது ஓடிக் காட்டட்டும், அதுவரை பழையது அளவுக்கு வேண்டும் என்றார். இப்போது யோசித்தால் அது நியாயமான பேச்சு. அன்று எனக்கு, உடைக்க மனமில்லை என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் அண்ணனிடம் சொல்லாமல் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். காவிரியில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. சித்திரை வீதியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஒரு அளவு கேட்டு வரச் சொன்னார்கள் என்று பொய் சொன்னேன். அவர் மரியாதையாக உட்காரச் சொல்லி, “தீர்த்தம் சாப்பிடறேளா?” என்று கேட்டார். எங்களுக்குத் தீர்த்தம் என்றால் கோயில் வாசலில் விரலை நனைத்துச் சிலுவை போடுகிற மந்திரித்த தண்ணீர். கோயில் தண்ணீரைக் குடிக்க வைத்துப் பார்க்கிறாரா என்று நினைத்து வேண்டாம் என்றேன். வெறும் குடிதண்ணீரைத்தான் அந்த வீட்டில் அப்படிச் சொல்வார்கள் என்பது பல வருஷம் கழித்துத் தெரிந்தது. அன்று நாக்கு வறண்டு போய்த்தான் திரும்பினேன்.

காரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பின்பக்கச் சந்தில் ஒரு கொட்டகை. கரும்பச்சை நிறத்தில் அந்தக் கார் நான்கு செங்கல் அடுக்குகளின் மேல் எஞ்சின் இல்லாமல் நின்றது. அதற்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திய இன்னொன்று. ஓரம் விலகிய இடத்தில் அதே விளக்கு, அதே மூக்கு. நம்பர் பிளேட் இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் தார்ப்பாயை இழுத்துவிட்டார்.

“அது உதிரி சாமானுக்காக வெச்சிருக்கேன்” என்றார்.

பஸ்ஸில் வரும்போதே எனக்குக் கணக்கு முடிந்துவிட்டது. இரண்டு கார், இரண்டு பிளாக், ஒரு எண். பழையதை ஒட்டி ஒன்றில் வைப்பார், புதியதை இன்னொன்றில் வைப்பார். ஒரே ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு வண்டி ஓடும். இரண்டாவது எங்கேயோ திருடியது. ஒரே நம்பரில் ஓடிய இரண்டு லாரிகளின் ஃபைல் என் மேஜைக்கே வந்திருக்கிறது. அந்தப் பதினொரு பேரும் இதே மாதிரிதான் இருப்பார்கள்.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு நேரே பவுண்டரிக்குப் போனேன். புது பிளாக்கின் மேடையில் எண் இருந்தது. முந்தின நாள் நான் ஸ்ரீரங்கத்தில் தாகத்தோடு நின்ற நேரத்தில், ஆசாரி எண் குத்தும் உளியை நேராகப் பிடிக்க, அண்ணன் சுத்தியலால் அடித்திருக்கிறார். பழைய பிளாக் உடையாமல் மூலையில் கிடந்தது.

“மனுஷன் அவ்வளவு கேட்டாரு. அடிச்சுக் குடுத்துட்டேன்” என்றார் அண்ணன்.

நான் பார்த்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, உதிரி சாமானுக்கு இன்னொரு வண்டி வாங்கிப் போடுவது வழக்கம்தானே என்றார். நீங்கள் ஏமாறப் பிறந்தவர் என்று சொன்னேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவர் சொன்னார். அதோடு பேச்சு நின்றது.

அந்த வாரம் நான் ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கினேன். இடது கையால், பெரிய எழுத்தில், போலீஸுக்கு, இன்ன வீதியில் இன்னார் ஒரே எஞ்சின் எண்ணை இரண்டு எஞ்சினில் வைத்திருக்கிறார், திருட்டு வண்டியும் இருக்கிறது என்று எழுதினேன். கீழே ‘ஒரு பொதுஜனம்’. மொட்டைக் கடிதம் எப்படி எழுத வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், வருஷத்துக்கு ஐம்பது படித்தவள். பவுண்டரியைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை. அண்ணனைக் காப்பாற்றுகிறேன் என்று முழு மனசோடு நம்பினேன். ஜங்ஷனில் ரயில்வே தபால் பெட்டியில் போட்டேன்.

போலீஸ் அந்த மொட்டைக் கடிதத்தோடு ஸ்ரீரங்கத்துக்காரரிடம் போய் முதலில் கேட்ட கேள்வி, எண்ணை யார் அடித்தது என்பதுதான். அவர் உண்மை பேசுகிறவர், உடனே சொல்லிவிட்டார். இந்தக் கேள்வி வரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பதினான்கு வருஷ கிளெய்ம் மூளைக்கு அது எட்டவில்லை.

இரண்டு நாளில் பவுண்டரி வாசலில் ஜீப் நின்றது. புது பிளாக்கையும் பழைய பிளாக்கையும் பேட்டர்னையும் எண் குத்தும் உளிகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணனையும் அழைத்துப்போனார்கள். காலையில் போனவர் பொழுது சாயும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் குளித்தார். தட்டைப் போட்டேன், உட்கார்ந்தார், கையை வைக்கவில்லை.

“இதுக்கு முன்னாடி எத்தனை அடிச்சேடான்னு கேட்டாங்க” என்றார். தட்டை நகர்த்திவிட்டு, “அப்பாகூட என்னைய அப்படிக் கூப்பிட்டதில்ல” என்றார்.

கடிதம் எழுதியது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஸ்ரீரங்கத்துக்காரர் மாட்டட்டும், பிறகு நானே சொல்லி நல்ல பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

அவர் மாட்டவில்லை. இரண்டாவது கார் முன்பு புதுக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் கோழி அடைக்கும் கூடாகக் கிடந்ததாம். முறையாக வாங்கி, ஓட்டப்போவதில்லை என்று எழுதிக்கொடுத்து, நம்பரை ஒப்படைத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் ரசீது இருந்தது. அனுமதி வாங்காமல் எண்ணை அடித்தது மட்டும் தவறு என்று எச்சரித்து, எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். பிளாக்குகள் திரும்பி வர நான்கு மாதம் ஆயிற்று. ஐப்பசி மழை முழுக்க வெளியே கிடந்து, அந்த மேடையில் எண் தெரியாத அளவுக்குத் துரு ஏறியிருந்தது. அதற்குள் காகிதத்தில் இருந்த பதினொரு பேரும் ஒவ்வொரு கார்டாக எழுதி விலகிவிட்டார்கள். போலீஸ் வந்த பவுண்டரி என்றால் யார் வருவார்கள்? ஸ்ரீரங்கத்துக்காரர் ஒரு தரம் வந்து, தன்னால் இவ்வளவு சிரமம் என்று அண்ணனிடம் கை கூப்பிவிட்டுப் போனார். யார் எழுதியிருப்பார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அண்ணன் பேட்டர்னைத் தானே பிளந்தார். ஆசாரி இரண்டு மாதம் இழைத்த தேக்கு. அன்றைக்கு உலையைப் பற்றவைக்க அந்த விறகுதான். சாக்கடை மூடி வார்த்தார்கள்.

ஆனால் கடிதம் எழுதியது யார் என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார், வெளியே அல்ல, மனசுக்குள். ஒரு நாள் சாப்பிடும்போது கணக்கைச் சொன்னார். ஸ்ரீரங்கத்துக்காரரை விட்டால், எண் அடித்தது மூன்று பேருக்குத்தான் தெரியும். அண்ணன், நான், ஆசாரி. கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரிக்காரர் இதே மாதிரி பேட்டர்ன் செய்து தர ஆசாரியைக் கேட்டிருக்கிறார், அது அண்ணனுக்குத் தெரியும். இங்கே தொழில் நின்றால் அங்கே நடக்கும். நான் போடுவது மாதிரியே போட்ட கணக்கு. ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது, உண்மை மட்டும் அதில் இல்லை.

அந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். பிறர் மேல் சந்தேகப்பட்டேன் சுவாமி என்றேன். சாமியார் பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். கடிதத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால் போய் ஈடு செய் என்று சொல்லியிருப்பார். அதனால்தான் சொல்லவில்லை.

ஈஸ்டருக்குப் பிறகு ஒரு நாள் ஆசாரி என் ஆபீஸுக்கே வந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் மேஜை முன்னால் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணன் என்னையப் பாத்தா முகத்தைத் திருப்பிக்கிறாருங்க. கோயில்லயும் அப்படித்தான். வேலை இல்லாட்டிப் போகுது, மாதா மேல சத்தியமா நான் எழுதலைங்க” என்றார்.

“எனக்குத் தெரியும்” என்றேன்.

அவர் முகம் அப்படியே தெளிந்தது. ஆறு மாதத்தில் அவரை நம்பியது நான் ஒருத்திதான் போலிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, சாதாரணமாகத்தான் கேட்டார்.

“எப்படிங்க தெரியும்?”

“உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுதே” என்றேன். வாழ்க்கையில் முகத்தைப் பார்த்து ஒருத்தரை நம்பியதாக நான் சொன்னது அந்த ஒரு தரம்தான். அதுவும் பொய்.

அண்ணனிடம் பேசுகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் நிஜமாகவே பேசத்தான் உட்கார்ந்தேன். ஆசாரி வந்திருந்தார் என்று ஆரம்பித்தேன். அண்ணன் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அவன் பேச்சை எடுக்காத. நீ முதல் நாளே சொன்ன, நான்தான் கேக்கல. இனிமே ஒருத்தனையும் நம்பறதா இல்ல. உன்னையத் தவிர” என்றார்.

நான் குழம்புப் பாத்திரத்தை எடுத்து அவருக்கு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன்.

மழைக்காலத்துக்கு முன்பே ஆசாரி குடும்பத்தோடு கோயம்புத்தூர் போய்விட்டார். பார்த்தாயா, அங்கேதான் போயிருக்கிறான் என்றார் அண்ணன். அதன் பிறகு பவுண்டரியை இன்னும் பன்னிரண்டு வருஷம் நடத்தினார். எடை போடும்போது தானே போய் நிற்பார், வருகிற காகிதத்தை இரண்டு தரம் படிப்பார், பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பார். நான் நீட்டுகிற காகிதத்தில் மட்டும் கடைசிவரை படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.